உப்புக்கு எடுத்த பிள்ளை

என்னோடு பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களே, போன மாதம் செபஸ்தியார் கோயில் மண்டபத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு பொய் சொன்னோம். அது பொய் என்று உங்களில் யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்கும் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்வரை தோன்றவில்லை.

சிறுவர் உரிமை பற்றிப் பேச அரசாங்கக் கந்தோரில் இருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாளே, மூக்குக்கண்ணாடி போட்ட மெலிந்த பிள்ளை. பேரப்பிள்ளைகளை வளர்க்கிறவர்கள் கிழடுகள்தானே, அவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள் என்று மேலிடத்து உத்தரவாம். சுவரில் படங்களை ஒட்டினாள். ஒன்றில் புத்தகத்தோடு ஒரு பிள்ளை, ஒன்றில் தாயின் மடியில் ஒரு பிள்ளை, ஒன்றில் பந்துக்குப் பின்னால் ஓடும் பிள்ளை. நாம் படத்தையும் பார்த்தோம், தேத்தண்ணியும் வடையும் வரும் வாசலையும் பார்த்தோம். வாசலைத்தான் கூடப் பார்த்தோம்.

"அம்மாமார், ஐயாமார், உங்கட காலத்தில பிள்ளையளுக்கு இந்த உரிமையெல்லாம் இருந்ததோ?" என்று கேட்டாள்.

"எங்களுக்கு இருந்த ஒரே உரிமை அடி வாங்கிறதுதான்" என்றான் நம் வகுப்பில் கடைசி வாங்கை விட்டு அசையாதவன். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நானும் என் பங்குக்கு வாயைத் திறந்தேன். "அந்தக் காலத்தில உதெல்லாம் ஆருக்குத் தெரியும், பிள்ளை?" என்றேன். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். அவளும் நல்ல பிள்ளை. "ஓமோம், அப்ப விழிப்புணர்வு இல்லைத்தானே" என்று சொல்லி நம் எல்லோரையும் ஒரேயடியாக மன்னித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். உப்புச் சாடிக்குள் கையை விட்டேன். விட்ட கையை எடுக்க மனம் வரவில்லை. நம்மோடு வளர்ந்த ஒருத்தி அந்த மண்டபத்தில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நம்மோடு வாங்கில் இருக்காதவள் அவள். அதனால்தான் உங்களுக்கும் நினைவு வரவில்லை.

நம் ஊர் வழக்கம் ஒன்றை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் நம் பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால் விளங்க வேண்டுமே. கடுமையான நோய் வருத்தத்தில் விழுந்து எழும்பிய பிள்ளையைத் தாய்மார் செபஸ்தியாருக்கு நேர்ந்துகொள்வார்கள். தை மாதத் திருநாளன்று கோயில் வாசலில், கோயில் காரியம் பார்க்கும் மூப்பரின் முன்னால், அந்தப் பிள்ளையை இன்னொரு வீட்டுக்காரரிடம் ஒரு பிடி உப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். வருத்தம் திரும்ப வந்து தேடினாலும், பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று அதற்குத் தெரியாமல் போகட்டும் என்பது கணக்கு. பூசை முடிந்ததும் தாய் ஒரு சேவலைக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வாள். சேவல் உப்புக் கொடுத்த வீட்டுக்கு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு. நம்மில் பாதிப்பேர் இப்படி ஒரு பூசை நேரம் விலைபோய்த் திரும்பியவர்கள்தான். எனக்குக் கக்குவான் வந்து பிழைத்தபோது என்னையும் கொடுத்தார்களாம். மீட்க வந்த என் அம்மாவின் கையை நான் கடித்துவிட்டேன் என்று வீட்டில் வெகுகாலம் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தத் தையில் எனக்கு எட்டு வயது. அரிப்பு என்கிற ஊர்ப் பக்கத்தில் இருந்து ஒரு கைம்பெண், எங்கள் கரையில் இருந்த கருவாட்டு வாடிக்கு வேலைக்கு வந்திருந்தாள். மீன் வெட்டி, உப்பிட்டு, காயப் போடுகிற வேலை. அவளுக்கு ஒரே மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். மகள் காய்ச்சலில் விழுந்து கண் செருகி, இனி இல்லை என்று கைவிட்ட பிறகு எழும்பியிருந்தாள். தாய் செபஸ்தியாருக்கு நேர்ந்திருந்தாள். உப்புக் கொடுக்க எங்கள் வீட்டைத்தான் கேட்டாள். என் அப்பா வலையும் ஆட்களும் வைத்திருந்த கரைவலைச் சம்மாட்டி, ஊரில் பெரிய வீடு. பெரிய வீட்டுக்குக் கொடுத்தால் வருத்தம் கிட்ட வரப் பயப்படும் என்று நினைத்தாளோ என்னவோ.

திருநாளன்று என் அம்மா எங்கள் உப்புச் சாடியில் இருந்து ஒரு பிடி அள்ளி அவளுடைய சேலைத் தலைப்பில் போட்டார். பிள்ளை எங்கள் பக்கம் வந்து நின்றாள். மொட்டை அடித்த தலை, பெரிய காது, யாரோ கொடுத்த நீளச் சட்டை. பூசை முடிந்தது. சேவல்தான் வரவில்லை. ஊரில் இருந்த தன் தம்பியிடம் தாய் சொல்லி வரவழைத்த சேவல், கடகத்துக்குள் அடைபட்டு, பஸ்ஸின் கூரையில் வெயிலில் வந்து, மன்னாரில் இறக்கும்போதே செத்திருந்தது. அந்தத் தம்பி பொல்லாத வெகுளி, செத்த சேவலையே கொண்டுவந்து கோயில் வாசலில் வைத்தான்.

"செத்ததைக் குடுத்து உயிரை மீக்கேலாது" என்றார் மூப்பர். அவர் கெட்டவர் இல்லை. வழக்கத்தில் ஒரு நூல் பிசகினாலும் அந்தப் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடும் என்று உண்மையாகவே பயந்தவர்.

"இப்ப நான் சேவலுக்கு எங்க போவன்?" என்று தாய் அழுதாள்.

"பயப்படாதையும்" என்றார் என் அம்மா. "ஒரு குஞ்சை வாங்கி வளரும். உம்மட கையால வளர்த்ததெண்டால் இன்னும் விசேஷம். அதுவரைக்கும் பிள்ளை எங்கட வீட்டில இருக்கட்டும். மீக்காமல் கொண்டு போய் ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

அவள் பயந்துபோனாள். பிள்ளையை ஒருமுறை சாவின் வாசலில் பார்த்தவளுக்கு அந்த ஒரு கேள்வி போதும். சேவல் வளரும்வரை என்று பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள். என் அம்மா அப்போது வயிற்றில் தம்பியோடு இருந்தார். குனிந்து நிமிர முடியாத மாதம். இதை நான் இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன். அம்மா அன்று அதைச் சேர்த்துப் பார்த்தாரா என்று கேட்க அம்மா இல்லை.

அவளை ஊரே உப்புப்பிள்ளை என்று கூப்பிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தாய் வரும்போது படலைக்கு வெளியே நின்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள், அவளும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவாள். எத்தனையோ தரம் கேட்ட பெயர். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நம் எல்லோருடைய பட்டப்பெயரும், சிஸ்டர்மாரின் பெயரும், எங்கள் வீட்டு நாயின் பெயரும் ஞாபகம் இருக்கிற தலைக்கு அது மட்டும் வரமாட்டேன் என்கிறது. வெட்கமாக இருக்கிறது.

காலையில் பனங்கூடலைத் தாண்டி நல்ல தண்ணிக் கிணற்றுக்குப் போய் வருவாள். பிறகு என் தலையைப் பின்னுவாள். தனக்கு முடி முளைத்துக்கொண்டிருந்த காலத்தில் என் முடியை எண்ணெய் பூசி, பச்சை நாடா வைத்து, அப்படி இறுக்கிப் பின்னுவாள். பள்ளி விட்டு வரும்வரை ஒரு மயிர் அசையாது. நான் நெளிவேன். "அசையாதை பிள்ளை. என்ர தலையைப் போல வழிச்சு விட்டிடுவன்" என்பாள். வாய் பொல்லாதது. அம்மா இல்லாத நேரம் மூப்பரைப் போல நடந்து காட்டுவாள், தொண்டையைச் செருமி, "செத்ததைக் குடுத்து உயிரை மீக்கேலாது" என்பாள். நான் வயிறு நோகச் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். அவள் எதைச் சொல்லிச் சிரித்தாள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் தம்பி பிறந்தான். அதற்குப் பிறகு அவளுடைய இடுப்பு காலியாக இருந்ததே இல்லை. தம்பி ஏணையில் கிடந்தால் அவள் கையில் ஏணைக் கயிறு இருக்கும். பின்னேரங்களில் கோயில் வெளியில் நாம் கிளித்தட்டு விளையாடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? கோட்டுக்கு வெளியே தம்பியை இடுக்கிக்கொண்டு ஒருத்தி நிற்பாள். யார் தொட்டது, யார் கோட்டை மிதித்தது என்று சண்டை வந்தால் அவளிடம்தான் போவோம். அவள் பொய் சொல்லமாட்டாள், எல்லோருக்கும் அந்த நம்பிக்கை. நியாயம் கேட்க மட்டும் அவள் வேண்டும். உள்ளே வந்து விளையாடு என்று நம்மில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எங்கள் வீட்டில் அவளை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. நீல விளிம்பு உடைந்த ஓர் எனாமல் தட்டு அவளுக்கு என்று இருந்தது. அதில் நாங்கள் தின்ற மீன்தான் அவளுக்கும். "எங்கட வீட்டுப் பிள்ளை போலத்தான் வைச்சிருக்கிறன்" என்று அம்மா வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்வார். கேட்டவர்களும் ஓம் என்பார்கள். நானும் அதை முழுதாக நம்பினேன். எங்கள் வீட்டுப் பிள்ளை நான். நான் பள்ளிக்குப் போகும்போது என் பையைத் தூக்கிக்கொண்டு, தம்பியையும் தூக்கிக்கொண்டு, பள்ளிப் படலைவரை அவள் வருவாள். படலையில் பையை என் தோளில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போவாள்.

ஒருநாள் எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டர் அதைக் கண்டுவிட்டார். "இந்தப் பிள்ளை ஏன் உள்ளுக்கு வாறேல்லை?" என்று கேட்டார்.

"நான் நேர்த்திப் பிள்ளை, சிஸ்டர்" என்றாள் அவளே. "அம்மா சேவல் வளர்க்கிறா. அது வளர்ந்தோடன நான் வீட்டை போயிடுவன். போய்ப் பள்ளிக்கூடம் போவன்."

சிஸ்டர் அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, காய்ச்சல் கதையில் இருந்து செத்த சேவல் கதைவரை சொன்னார். சிஸ்டரின் கண் கலங்கியது. "நேர்த்தியை முறிக்கக் கூடாதுதான்" என்று சொல்லி எழும்பினார். போகும்போது அவளுக்கு செபஸ்தியார் படம் ஒன்று கொடுத்தார். உடம்பெல்லாம் அம்பு தைத்தும் முகம் சுளிக்காமல் நிற்கிற அந்தப் படத்தை அவள் அடுப்படியில், குசினிச் சுவரில் ஒட்டி வைத்தாள். கேட்க வேண்டிய ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு, ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு திரும்பிப் போனதை நினைக்க இப்போது கோபம் வருகிறது. அப்போது எனக்கு சிஸ்டர் நம் வீட்டுக்கு வந்த பெருமைதான்.

சோழகக் காற்று எழும்பியது. தென்கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் வாடிக்காரர் வடகரைக்கு மாறிவிடுவார்கள். தாயும் பேசாலைப் பக்கம் போய்விட்டாள். முன்னைப் போல ஞாயிறுக்கு ஞாயிறு வர முடியவில்லை. வருகிறபோது சேவல் செய்தி கொண்டுவருவாள். கொண்டை சிவக்குதாம். வாலில் கறுப்பு இறகு இறங்குதாம். கருவாட்டுத் தூள் தின்று கொழுக்குதாம். ஒருமுறை, "கூவத் தொடங்கிட்டுது" என்று தாய் சொன்னபோது அவள் தம்பியையும் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். தம்பி வீரிட்டு அழுதான். அம்மா அதட்டினார். அவள் நிற்கவில்லை.

ஆவணியில் மடு மாதா திருநாளுக்கு ஊர் வெளிக்கிடுகிற நேரம் தாய் சேவலோடு வந்தாள். இந்த முறை கடகமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கையில் அணைத்துக்கொண்டு மணலில் நடந்தே வந்திருந்தாள். நல்ல சிவப்புச் சேவல். உப்புப்பிள்ளை தன் சட்டையையும் செபஸ்தியார் படத்தையும் ஏற்கெனவே ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தாள்.

அம்மா சேவலை வாங்கிப் பார்த்தார், பாரம் பார்த்தார். "நல்லா வளர்த்திருக்கிறீர்" என்றார். பிறகு சொன்னார், "ஆனால் உது வீட்டுப் படலையில செய்யிற காரியமில்லை. கோயில் வாசலில, திருநாளில, மூப்பருக்கு முன்னால குடுக்கோணும். சேவல் இஞ்ச நிக்கட்டும். தையில முறைப்படி செய்வம்."

"தைவரைக்கும் எண்டால், சம்மாட்டியம்மா..." என்று தாய் இழுத்தாள்.

"இவ்வளவு நாளும் ஒரு காய்ச்சல் வந்ததோ பிள்ளைக்கு? செபஸ்தியார் பாத்துக்கொண்டிருக்கிறார். அவசரப்பட்டுக் கெடுக்காதையும்."

வழக்கத்தின்படி அம்மா சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். ஒரு பொய்யும் சொல்லாமல், ஒரு குரலும் உயர்த்தாமல், சரியானதைச் சொல்லியே அம்மா அந்தப் பிள்ளையை மறித்தார். இடுப்பில் தம்பியோடு அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் படலையைத் தாண்டும்போது அவள் பின்னால் போகவில்லை. முடிச்சை அவிழ்த்துப் படத்தைத் திரும்பச் சுவரில் ஒட்டினாள். நான் மகிழ்ந்தேன், நம்புங்கள். அவள் போகவில்லை என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மடுவுக்குப் போகிற வழியில் பெரியப்பா குடும்பம் எங்கள் வீட்டில் தங்கியது. சோழகத்தில் கடலில் மீன் ஒன்றும் படவில்லை. வந்தவர்களுக்குக் கறியில்லை. "அந்தச் சேவலைப் பிடி" என்று அப்பா சொன்னார். அம்மா ஒரு கணம் நின்றார். பிறகு, "தையில எங்கட கூட்டில ஒண்டைக் குடுத்தால் போச்சு. சேவல் எண்டால் சேவல்தானே" என்றார். கோழி உரிக்கிற வேலை உப்புப்பிள்ளையுடையது. சுடுதண்ணீரில் முக்கி, குசினிப் பின்பக்கத்தில் குந்தி இருந்து, அவள்தான் அந்தச் சிவப்பு இறகுகளைப் பிடுங்கினாள். காற்று இறகுகளை எல்லாம் வேலிக்கு அடித்துக்கொண்டு போனது.

அரிசிமாப் பிட்டும் சேவல் குழம்பும். பெரியப்பா விரலை நக்கினார். ஈரல் வீட்டுப் பிள்ளைக்கு என்று எனக்கு வைத்தார்கள். அவள் பரிமாறினாள். எல்லோரும் எழும்பிய பிறகு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் என்னைக் கேட்டாள், "பிள்ளை, ருசியா இருந்ததோ?"

நக்கல் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். அவளுடைய தட்டில் அன்றைக்கு வெறும் பிட்டுத்தான் இருந்தது, அவளாகவே குழம்பு வேண்டாம் என்றிருந்தாள். நான், "ஓம், நல்ல ருசி" என்றேன்.

"அம்மா நெல்லும் போட்டு வளர்த்தவ" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டியைத் தேய்த்தாள்.

அந்த ஈரலை நான் திருடித் தின்னவில்லை, அடம்பிடித்துக் கேட்கவில்லை. தட்டில் வைத்தார்கள், தின்றேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் வயதைக் காட்டி நான் தப்பப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு வயது வித்தியாசம் வந்து முன்னால் நிற்கிறது.

அடுத்த தை வந்தது. கொடியேறியது, நவநாள் முடிந்தது, திருநாளன்று தாய் வெறுங்கையோடு கோயில் வாசலுக்கு வந்தாள். சேவல்தான் எங்கள் வீட்டில் நிற்கிறதே என்ற நினைப்பு அவளுக்கு. அம்மா எங்கள் கூட்டில் இருந்து ஒரு வெள்ளைச் சேவலைக் கொண்டுவந்து தாயின் கையில் திணித்தார். தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மூப்பருக்கு ஊரில் உள்ள சேவல் எல்லாம் முகம் தெரியும். "உது சம்மாட்டியார் வீட்டுச் சேவல் அல்லோ?" என்றார். "உப்புக் குடுத்த வீட்டுச் சேவலால மீக்கிறதெண்டால், அது மீட்பில்லை, விளையாட்டு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாமும் அங்கே நின்றோம், நாமும் சிரித்தோம்.

"எங்கட சேவலை இவை சாப்பிட்டிட்டினம்."

அவள்தான். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. கிளித்தட்டில் யார் கோட்டை மிதித்தது என்று சொல்வாளே, அதே குரல். என் அம்மாவின் முகம் கறுத்ததை அன்றுதான் முதலாவதாகக் கண்டேன்.

பூசை வைத்து முடித்து உள்ளே திருவுடுப்புக் கழற்றிக்கொண்டிருந்த சுவாமி வெளியே வந்தார். எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்தவர், நம் வழக்கம் ஒன்றும் அறியாதவர். என்ன என்று கேட்டார். மூப்பர் சொன்னார், அம்மா சொன்னார், தாய் அழுகைக்குள் ஏதோ சொன்னாள். சுவாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவளைப் பார்த்து, "நீ எவ்வளவு காலமா அங்க இருக்கிறாய்?" என்றார்.

"போன திருநாளில இருந்து, சுவாமி."

"செபஸ்தியார் ஆரின்ர பிள்ளையையும் பிடிச்சு வைக்கிறவர் இல்லை" என்றார் சுவாமி. "உன்னை ஒருத்தரும் வாங்கேல்லை. வாங்கவும் ஏலாது. தாயோட வீட்டை போ."

அவ்வளவுதான். சேவலும் வேண்டியிருக்கவில்லை, மூப்பரும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வசனத்தை எந்த நாளும், எந்தப் பெரிய மனிதரும் சொல்லியிருக்கலாம். அப்பா சொல்லியிருக்கலாம், சிஸ்டர் சொல்லியிருக்கலாம், பெரியப்பா பிட்டுக்கு நடுவில் சொல்லியிருக்கலாம். தாய் வெள்ளைச் சேவலை மெதுவாக நிலத்தில் இறக்கி விட்டாள். அது கூட்டத்துக்குள் ஓடியது. தாயும் மகளும் கைபிடித்துக்கொண்டு பஸ் வரும் தெருவுக்கு நடந்தார்கள். நான் பின்னால் ஓடிப்போய், "நாளைக்கு வந்திடு, என்ர தலை பின்னோணும்" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாளா என்று தெரியாது, வெயில் கண்ணில் அடித்தது. அதற்குப் பிறகு நான் அவளைக் காணவில்லை.

நீல விளிம்புத் தட்டு கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனது. படம் வெகுகாலம் குசினிச் சுவரில் புகை பிடித்துக் கிடந்து, வீடு மாறியபோது தொலைந்தது. அவள் பள்ளிக்கூடம் போனாளா, எங்கே வாழ்ந்தாள், நம்மைப்போல மூட்டு வலியோடு எங்காவது ஒரு மண்டபத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறாளா, எனக்குத் தெரியாது. அரிப்புப் பக்கத்தில் விசாரிக்கலாம் என்றால், பெயர் தெரியாமல் யாரை விசாரிப்பது?

கந்தோர்ப் பிள்ளை அடுத்த மாதமும் வருகிறாளாம். நீங்களும் வாருங்கள், வடைக்காகவாவது வாருங்கள். நான் எழும்பி, அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று போன மாதம் சொன்னதைத் திரும்ப எடுக்கப்போகிறேன். எனக்கு வாய் தடுக்கினால் நீங்கள் யாராவது இந்த ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.

அவள் போன மறுநாள் காலை தம்பி ஏணையில் அழுதுகொண்டே இருந்தான். தண்ணீர் எடுக்க ஆளில்லை, அடுப்பு மூட்ட ஆளில்லை. அம்மா என் பையைப் பிடுங்கி மூலையில் வைத்து, "இண்டைக்கு நீ பள்ளிக்கூடம் போகவேண்டாம், தம்பியைப் பார்" என்றார். நான் நிலத்தில் விழுந்து புரண்டு கத்தினேன். கரையில் நின்ற அப்பா கையில் இருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். வந்து விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

"உனக்கென்ன விசரே?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். "குழந்தை பாக்கிறது பிள்ளையின்ர வேலையோ? ஒரு பிள்ளையின்ர படிப்பை மறிக்கிறது பெரிய பாவம் எண்டு உனக்குத் தெரியாதோ?"

அம்மா குனிந்து தம்பியைத் தூக்கினார்.

"தெரியும்" என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தேன். பின்னாத தலையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.